இடது கைச் சீட்டு

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அந்தச் சீட்டு அவள் கைக்கு வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் வரை அவள் எதைச் செய்தாலும் மனசு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்றுதான் இருந்தது.

நாலாவது மாடியில் நாலு பேர் இருக்கும் வீடு. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர், தன் வீட்டுக்குப் படியேறித்தான் வருவார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேறொரு கம்பெனியின் பொறுப்பு. இவர் தொடக் கூடாது. மாதத்தில் பாதி நாள் அது மூன்றாம் மாடியிலேயே தவம் கிடக்கும். தாண்டி வரும்போதெல்லாம் அதன் கதவை ஒரு தட்டுத் தட்டி, "என்ன மாப்ள, இன்னைக்கும் லீவா?" என்று கேட்டுவிட்டு மேலே வருவார்.

பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்குப் பதிமூன்று வயது. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள். சின்னவளுக்கு எட்டு; பெரியவள் மிச்சம் வைத்த எட்டையும் அவள் பேசிவிடுவாள். எதற்கும் சாட்சி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றே பேர்.

இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை. சாப்பாட்டு மேஜைதான் பள்ளிக்கூடம், அம்மாதான் டீச்சர். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலக வேலையை விட்டுவிட்டு அவள் இந்த வேலைக்கு வந்தாள். ஆண்டவர் இதைத்தான் தன்னிடம் கேட்கிறார் என்று அவள் உறுதியாக நம்பினாள். நாற்பது நாள் ஜெபம் பண்ணி, புருஷனிடம் பேசி, சபைப் போதகரிடம் பேசி எடுத்த முடிவு அது. அன்றிலிருந்து புருஷனுக்கு அவள் டீச்சரம்மா.

பாட நேரம் ஒன்பதிலிருந்து ஒரு மணி. அந்த நாலு மணி நேரமும் பிள்ளைகள் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும், மரியாதையாக 'நீங்க' போட வேண்டும். ஒரு மணி அடித்தால் அவள் அம்மா. இதில் வக்கீலுக்கு ஏகப்பட்ட வசதி.

"டீச்சர், எங்கம்மாகிட்ட பசிக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடுங்களேன்."

"உங்கம்மா ஒரு மணிக்குத்தான் வருவாங்க. நீ எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லு."

இந்த வீட்டுக்கென்று இன்னொரு வழக்கமும் உண்டு. பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. அதற்கு விண்ணப்ப டப்பா என்று பேர். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டதும் ஆளுக்கொரு சீட்டில் ஒரே ஒரு விண்ணப்பம் எழுதி டப்பாவில் போடுவார்கள். பிள்ளைகள் எழுதி முடித்த பயிற்சித் தாள்களைக் கத்தரித்த சீட்டுகள். எழுதினது யார் என்று தெரியக் கூடாது என்பதற்காக எல்லாரும் இடது கையால் எழுதுவார்கள். 'நான்' என்ற வார்த்தையும் கூடாது. அம்மா, அப்பா, அக்கா, தங்கச்சி என்றுதான் எழுத வேண்டும். திங்கள் காலையில் டப்பாவைக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். எடுத்தவர் அந்த வாரம் முழுக்க அந்த விண்ணப்பத்துக்காக மனசுக்குள் ஜெபிக்க வேண்டும். யாரிடமும் காட்டக் கூடாது; யார் எழுதியது என்று கேட்கவும் கூடாது. பதில் கிடைத்த சீட்டுகளை ஒரு பழைய டைரியில் ஒட்டி வைப்பார்கள். டைரி இப்போது பாதிக்கு மேல் உப்பிப் போயிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை அவள் எடுத்த சீட்டில், கோழி கிளறின மாதிரி எழுத்தில், ஒரே வரி.

'அம்மா டீச்சரா இருக்கறது நின்னு போகணும்.'

மடித்தாள். மறுபடி பிரித்தாள். எழுத்து மாறவில்லை. சீட்டின் பின்பக்கம் ஏதோ ஒரு பூப்படத்தின் பாதி இதழும், ஆரஞ்சு க்ரேயானில் ஒரு டிக்கும் இருந்தன. அவள் எப்போதும் பச்சைப் பேனாவால்தான் திருத்துவாள். க்ரேயான் என்றால் சின்னவள். அப்படியானால் வக்கீலா?

"டீச்சரம்மா, சீட்டு கிடைச்சாச்சுன்னா ஆமென் சொல்லிட்டு காபியைக் குடுக்கறது. எனக்கு எட்டரைக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் காத்துக்கிட்டிருக்கு" என்றார் மெக்கானிக்.

அவள் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்சத்தையும் குடித்தார்.

அன்றைக்கு முதல் பாடம் சின்னவளுக்கு மணி பார்ப்பது. வட்டமான அட்டை ஒன்றில் எண்களை எழுதி, குண்டூசியால் இரண்டு முள் குத்தி, அவளே ஒரு கடிகாரம் செய்து வைத்திருந்தாள்.

"அட, அழகா இருக்கே. அட்டை எங்க கிடைச்சுது?"

"கிடைச்சுது" என்றாள் வக்கீல். சாட்சி கேட்கிறவள் சாட்சி சொல்வதில் கொஞ்சம் கஞ்சம்.

"சரி, நாலு மணி வை."

நாலு மணி. வெள்ளிக்கிழமை நாலு மணி. அவள் பார்வை ஃப்ரிட்ஜின் மேல் போனது.

காரணம் இருந்தது. மூன்று தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்கூடத்தில் அவளுடைய நாத்தனார் அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று போன வாரமே விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அது ஃப்ரிட்ஜின் மேல், மருந்துப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அன்று பதினோரு மணிக்கு அவளே ஃபோனும் செய்தாள்.

"என்ன, கையெழுத்துப் போட்டியா? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆபீஸ் மூடிருவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

"யோசிச்சுட்டிருக்கேன் அண்ணி."

"அஞ்சு வருஷமா யோசிக்கிற. உன் பள்ளிக்கூடத்துல பெல் அடிக்கிறதும் நீ, பாடம் எடுக்கிறதும் நீ, பாத்திரம் தேய்க்கிறதும் நீ. ஹெட்மாஸ்டரும் ஆயாவும் ஒரே ஆளா இருக்கற ஸ்கூல் ஒலகத்துலயே உன்னோடது ஒண்ணுதான்."

"ஆண்டவர் குடுத்த வேலை அண்ணி இது."

"இல்லேன்னு நான் சொன்னேனா? எனக்கும் அவர்தான் குடுத்தார். எனக்கு மட்டும் மாசா மாசம் சம்பளத்தோட குடுத்துட்டார்" என்று சிரித்துவிட்டு நாத்தனார் வைத்துவிட்டாள்.

மற்ற நாளாக இருந்தால் இவளும் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சீட்டு அவள் வேதப் புத்தகத்துக்குள் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஜெபத்தில் வந்தது ஆண்டவர் குரல் என்றால், இன்றைக்கு விண்ணப்ப டப்பாவிலிருந்து வந்தது யார் குரல்? இரண்டும் அவருடையதாக எப்படி இருக்க முடியும்? ஒன்று அவருடையது, இன்னொன்று இல்லை என்றால், எது எது?

செவ்வாய்க்கிழமை அவள் பெரியவளைக் கவனித்தாள். எட்டு பத்துக்கு எதிர்த்த பஸ் ஸ்டாப்பில் சீருடைப் பிள்ளைகள் கூடுவார்கள். பெரியவள் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னலோரம் நின்றாள். பஸ் போன பிறகும் பிரஷ் வாயிலேயே இருந்தது. அவள்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் பதினோரு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, "டீச்சர், இங்க பாருங்க, செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு!" என்று பெரியவள் கத்தின கத்தலில் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். இப்படிக் கத்துகிற பிள்ளையா அப்படி எழுதும்?

அன்று குடும்ப ஜெபத்தில் அம்மா முழங்கால் போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, அம்மா..." என்று மனசுக்குள் ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. தனக்கே எதிராக மனுப் போடுவது எப்படி? ஜெபிக்காமல் விட்டால் டப்பாவின் விதியை அவளே மீறின மாதிரி. மனசில்லாமல் ஜெபித்தால் அது ஜெபமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆமென் வரைக்கும் காத்திருந்தாள். எழுந்தபோது முழங்கால் மரத்துப் போயிருந்தது.

புதன்கிழமை சந்தேகம் புருஷன் மேல் திரும்பியது. அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏம்மா, ரொம்ப இளைச்சுட்டே. கொஞ்சம் ரெஸ்ட் எடேன்."

"ஏன், நான் ரெஸ்ட் எடுத்தா யார் பாடம் எடுக்கிறது? நீங்களா? அதைச் சொல்லத்தான் சுத்தி வளைக்கிறீங்களா?"

அவர் சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றார். "நீ இளைச்சுட்டேன்னு மட்டும்தானேம்மா நான் சொன்னேன்? குண்டாயிட்டேன்னு சொன்னாத்தான் சண்டை வரும்னு கேள்விப்பட்டிருக்கேன்."

வக்கீல் குறுக்கே வந்தாள். "அப்பா, நீ முதல்ல சாரி சொல்லிடு. என்ன தப்புன்னு அப்புறம் விசாரிச்சுக்கலாம்."

அவர் தும்மினார். அந்த வாரம் முழுக்க, ஜெபத்துக்கு உட்காரும்போதெல்லாம் அவருக்குத் தும்மல் வந்துகொண்டிருந்தது. அதையும் அவள் ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டு குழம்பினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஃப்ரிட்ஜின் மேலிருந்து படிவத்தை எடுத்து, பெரியவளின் பிறந்த தேதி வரைக்கும் நிரப்பினாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் பேனா நின்றது. யாருக்காகப் போடுகிறோம் என்று தெரியாமல் போடும் கையெழுத்து என்ன கையெழுத்து? வேண்டாம் என்று சொன்னது சின்னவளாக இருந்து, பெரியவளைக் கொண்டுபோய் விட்டால்?

அன்று சாயங்காலம் ஆறரைக்கு, ஜெபத்துக்கு எல்லாரும் உட்கார்ந்ததும், அவள் விதியை உடைத்தாள். சீட்டை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தாள்.

"இந்த வாரம் எனக்கு வந்தது இது. இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரியணும். கோபம் இல்ல, சத்தியமா இல்ல. என்னால இதை வச்சு ஜெபிக்க முடியல, அவ்வளவுதான்."

மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்து படித்தன. பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். மெக்கானிக் இரண்டு பேரையும் பார்த்தார்.

"நான்தாம்மா எழுதினேன்" என்றாள் பெரியவள்.

"இல்ல! நான்தான்" என்றாள் வக்கீல்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான்தான் எழுதினேன்" என்றார் அப்பா.

அவளுக்கு அழுகை வருகிறதா, சிரிப்பு வருகிறதா என்று தெரியவில்லை. மூன்று பேருமா? இந்த வீட்டில் தன்னை வேண்டும் என்றவர் ஒருவர்கூட இல்லையா?

வக்கீலுக்குத்தான் முதலில் உறைத்தது. "ஒரு நிமிஷம். ஒரு சீட்டை மூணு பேர் எழுத முடியாது. எல்லாரும் பொய் சொல்றீங்க. நானும் பொய்தான் சொன்னேன். அக்கா மாட்டிக்குவாளேன்னு சொன்னேன்."

"நீ எழுதிருப்பேன்னு நினைச்சு நான் சொன்னேன்" என்றாள் பெரியவள்.

"உங்க ரெண்டு பேருல யாரோன்னு நான் சொன்னேன்" என்றார் அப்பா. "குடும்ப ஜெபத்துல உட்கார்ந்துகிட்டு மூணு பொய். ஆண்டவர் நம்ம வீட்டைப் பாத்து என்ன நினைப்பார்?"

"அப்ப நிஜமா என்ன எழுதினீங்க? வரிசையாச் சொல்லுங்க" என்று வக்கீல் விசாரணையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "என்னோடது: வீட்டுக்கு ஒரு பூனை வரணும்."

"அடிப்பாவி, அது உன் வேலையா!" மெக்கானிக் தலையில் கை வைத்தார். "அது எனக்கு வந்துச்சு. பூனைன்னு நினைச்சாலே எனக்குத் தும்மல் வரும். நாலு நாளா ஆண்டவரே பூனை குடுங்கன்னு கேட்டுட்டு, குடுத்துடாதீங்கன்னும் சேத்துக் கேட்டுட்டிருக்கேன்."

"அது செல்லாது. ஒழுங்கா ஜெபிக்கணும். நீ என்னப்பா எழுதினே?"

"அப்பா சாப்பிடும்போது ஃபோன் அடிக்கக் கூடாதுன்னு."

"அது என்கிட்ட இருக்கு" என்றாள் வக்கீல். "அம்மா?"

"அம்மாவுக்குக் கோபம் குறையணும்னு" என்றாள் அவள் மெதுவாக.

"அது என்கிட்ட" என்றாள் பெரியவள். "தினம் ஜெபிச்சேன்."

"புதன்கிழமை கொஞ்சம் அழுத்தி ஜெபிச்சிருக்கலாம்" என்றார் அப்பா.

வக்கீல் விரல் விட்டு எண்ணினாள். "பூனை, ஃபோன், கோபம். அக்கா, உன்னோடது மட்டும்தான் யாருக்கும் வரல."

பெரியவளின் கண் டப்பாவின் மேல் இருந்தது. அப்பா எட்டி டப்பாவைத் திறந்தார். அடியில் ஒரு சீட்டு கிடந்தது. நாலு பேர் இருக்கும் வீட்டில் அந்த வாரம் ஐந்து சீட்டு இருந்திருக்கிறது. எடுத்த பிறகு டப்பாவுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

"டப்பால ஒரு அட்டை இருக்குமே, வட்டமா, அடியில?" என்று கேட்டார் அவர்.

வக்கீலின் குரல் இறங்கியது. "கடிகாரம் செய்யறதுக்கு நான்தான் எடுத்தேன். சனிக்கிழமை. அதுக்கடியில ஒரு சீட்டு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பழசுன்னு எனக்குத் தெரியாது. உள்ளேயே போட்டுட்டேன்."

அம்மா மேஜையில் கிடந்த சீட்டைத் திருப்பினாள். பாதிப் பூ. ஆரஞ்சு டிக். இப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். பூவின் பாகங்கள் பெரியவளின் பாடம்; சின்னவளுடையது இல்லை. போன வருடம் நடத்தியது. அந்த வாரம் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல். அவருக்கு வெளியூரில் வேலை. பச்சைப் பேனா தீர்ந்துபோய், கடைக்குப் போக முடியாமல், சின்னவளின் க்ரேயானை எடுத்துத் திருத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் போகவில்லை; மறுநாள் யாரும் டப்பாவைக் குலுக்கவும் இல்லை. பிள்ளைகள் தூங்கின பிறகு, துவைக்காத துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, இடது கையால்...

எழுதினது அவளேதான்.

"நான்" என்றாள். சீட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். "இதை எழுதினது நான்தான். போன வருஷம். சுத்தமா மறந்துட்டேன்."

மெக்கானிக் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்கிட்டச் சொல்லிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது? ஆண்டவர் சொன்னார்னு ஊரெல்லாம் சொல்லிட்டு ஆரம்பிச்சேன். இப்ப முடியலன்னு சொன்னா அவர் சொன்னது தப்புன்னு ஆயிடாதா?"

"முடியலன்னா முடியலன்னுதான் அர்த்தம். ஒரு லிஃப்ட்ல எட்டுப் பேர் ஏறலாம்னு எழுதிருக்கும். பத்துப் பேர் ஏறினா அது நிக்கும். அதுக்காக அது லிஃப்ட் இல்லன்னு ஆயிடுமா?" அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், விரலில் கிரீஸ் வாசனை. "கணக்கை என்கிட்டக் குடு. சாயங்காலம் நான் எடுக்கிறேன்."

"அப்பா டீச்சரா?" வக்கீல் அலறினாள். "ஆட்சேபணை!"

அதற்குள் பெரியவள் டப்பாவில் மிச்சமிருந்த சீட்டை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மா கையை நீட்டினாள். மகள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள்.

'அக்காவுக்கு என்ன வேணும்னு அக்காவுக்குத் தெரியணும்.'

நாலு நாளாக வீட்டில் பூனைக்கும் ஃபோனுக்கும் ஜெபம் நடந்திருக்கிறது. இதற்கு யாருமே ஜெபிக்கவில்லை. பிள்ளை மட்டும் யாரோ தனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறது.

"பள்ளிக்கூடம் போகணும்னு இருக்காடி?"

"தெரியலம்மா." பெரியவள் மேஜை விளிம்பைச் சுரண்டினாள். "காலைல பஸ்ஸைப் பாக்கும்போது போகணும்னு இருக்கு. பதினோரு மணி ஆனா வேணாம்னு இருக்கு. கேட்டா நீ வருத்தப்படுவேன்னு இருக்கு. கேக்கலன்னா எனக்கு வருத்தமா இருக்கு."

"எனக்கும் அப்படித்தான்டி இருக்கு" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. அவளும் பிள்ளையும் ஒரே குழப்பத்தில், ஒரே மேஜையில், எதிரெதிரே ஒரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாலு பேரும் முழங்கால் போட்டார்கள். அந்த ஒரு சீட்டுக்காக மட்டும், முதல் தடவையாகச் சத்தமாக, ஜெபித்தார்கள். பெரிய வெளிச்சம் எதுவும் வரவில்லை. மெக்கானிக்கின் ஃபோன்தான் அடித்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அம்மாவும் பெரியவளும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார்கள். நாத்தனார் ஆய்வகத்தைத் திறந்து காட்டினாள். சுவரோரம் வரிசையாகப் பன்னிரண்டு மைக்ராஸ்கோப். பெரியவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசி மேஜையில் இரண்டு பெண்கள் ஏதோ ஒரு இலையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து, "நீ புதுசா? இதைக் கொஞ்சம் பிடியேன், கை நடுங்குது" என்றாள். பெரியவள் போய்ப் பிடித்தாள். பத்து நிமிடம் அப்படியே நின்றாள்.

அலுவலகத்தில் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. அம்மா படிவத்தை மேஜையில் வைத்தாள். கையெழுத்துப் போடாமல் மகளைப் பார்த்தாள்.

"போய்ப் பாக்கட்டுமாம்மா?" என்றாள் பெரியவள். "இப்பவும் தெரியலதான். பிடிக்கலன்னா திரும்பி வந்துடலாமா?"

"அது வீடுடி. வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு எதுக்குப் பெர்மிஷன்?"

கையெழுத்துப் போட்டாள். வலது கையால்தான் போட்டாள். ஆனாலும் அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வக்கீல் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் முகம் சுருங்கினது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அப்ப இனிமே கிளாஸ்ல நான் ஒருத்திதான். எப்பவும் நான்தான் ஃபர்ஸ்ட்."

"லாஸ்ட்டும் நீதான்" என்றாள் அக்கா.

மெக்கானிக் பதில் டைரியை எடுத்து வந்தார். பசைப் புட்டியைத் திறந்துகொண்டு, ஆரஞ்சு டிக் போட்ட சீட்டைக் காட்டி, "இதை என்ன செய்யட்டும் டீச்சரம்மா? பதில் கிடைச்சுதுன்னு ஒட்டட்டுமா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். போன வருடம் அழுதுகொண்டு கேட்டது. கேட்டதையே மறந்துபோனது. அதை எடுத்தபோது பயந்து, ஜெபிக்க மறுத்தது. இப்போது ஒரு பிள்ளை போகிறது, ஒரு பிள்ளை இருக்கிறது, கணக்கு அவருக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் டீச்சர்தான். இது பதிலா, பதில் மாதிரி இருக்கும் வேறு எதுவோவா? அட்டையை எடுக்கச் சொன்னது ஆண்டவரா, மணி பார்க்கிற பாடமா?

"பாதி ஒட்டுங்க" என்றாள்.

அவர் சீட்டின் ஒரு பாதிக்கு மட்டும் பசை தடவி ஒட்டினார். மற்ற பாதி, ஃபேன் காற்றில் மெல்ல எழுந்து எழுந்து அடங்கியது.